அக்காவின் புகாரும் என் முதல் விருப்பமும்

என் மருத்துவத் தொழிலில் என்மீது வந்த முதல் புகாரைக் கொடுத்தவள் என் கூடப் பிறந்த அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, என் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் குறித்துக்கொள்ள வைத்திருக்கிறாள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டதற்கு அம்மா என்று சொன்னாள். டாக்டருக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் எந்தத் துறைக்குப் போவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்த நேரம் அது. படிப்பை முடித்து, ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று சில வருடங்கள் சுற்றி வந்துவிட்டேன். இனி ரெசிடென்சி என்கிற நீண்ட பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் மனதில் இருந்தவை இரண்டு: குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை. இரண்டுக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். ஆனால் எதை முதல் விருப்பமாகப் போடுகிறோமோ அநேகமாக அதுதான் மிச்ச வாழ்க்கை.

என்னைத் தவிர எல்லாரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். முக்கியமாக அக்கா. அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணவனோடும் மகளோடும் சிங்கப்பூரின் மேற்கே கிளமெண்டியில் இருக்கிறாள். ஆசிரியையாக இருப்பதை வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தாத ரகம். அவள் மகளுக்கு ஐந்து வயது. சளி பிடித்தால் வீசிங் வந்துவிடும். நான் இன்னும் மாணவியாக இருந்த காலத்திலேயே போன் செய்வாள். "இரு, நெஞ்சுல வைக்கிறேன், கேளு" என்று ஹேண்ட்போனைக் குழந்தையின் மார்பில் அழுத்துவாள். எனக்கு அவளுடைய வளையல் சத்தம்தான் கேட்கும்.

"வீட்டுல ஒரு குழந்தை டாக்டர் இருந்தா எவ்வளவு நல்லது" என்று மாதா கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்றால், முன்பின் பேசாத பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து என்னிடம் காட்டினார்கள். மூன்று வருடம் அப்படி வாசலில் வைத்துத் தொண்டை பார்த்திருக்கிறேன். அக்கா பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் குழந்தைகள் பிரிவில் நான் கெட்டிக்காரி. அது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகள் என்னிடம் அதிகம் அழுவதில்லை. நான் கொஞ்சிப் பேச மாட்டேன், குரலை மாற்ற மாட்டேன். "இது வலிக்கும், கொஞ்ச நேரம்தான், பிறகு வலிக்காது" என்று பெரியவர்களிடம் சொல்வதுபோலவே சொல்வேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு ஆகாதவர்கள் பெற்றோர்.

ஒருமுறை, காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு சின்னப் பெண்ணின் கையில் ட்ரிப் போட ஊசிக்குழாய் ஏற்ற வேண்டியிருந்தது. அவளுடைய அப்பா ஹேண்ட்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். "ஒரு தடவைதான் குத்தணும். ரெண்டாவது தடவைன்னா வேற ஆளை அனுப்பு" என்றார். ஒரே தடவையில் ஏற்றினேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்ததோடு சரி. அவர் நன்றி சொல்லவில்லை. மனைவியிடம் திரும்பி, "பார்த்தியா, முதல்லயே சொல்லிடணும். அப்பதான் ஒழுங்கா செய்வாங்க" என்றார். அந்த ஹேண்ட்போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. சிரித்துவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பிரிவில் ஆறு மாதமும் அப்படிச் சிரித்தேன். சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்து வைத்திருப்பார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே நான் கேட்ட வசவுகளை மதுக்கடை வாசலில்கூடக் கேட்டதில்லை. எல்லாம் மெதுவான குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளைக்குக் கேட்காமல்.

அங்கே மூத்த மருத்துவராக இருந்தவர் ஒல்லியான சீனப் பெண்மணி. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. என் கடைசி வாரத்தில் ஒருநாள், வார்டைச் சுற்றி முடித்ததும், "பிள்ளைகளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. இங்கே விண்ணப்பம் போடு" என்றார். பாராட்டுகிறாரா, ஆணையிடுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த ஆறு மாதம் வேறொரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே எல்லாரும் வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். நோயாளிகள் கத்தினார்கள், உறவினர்கள் கத்தினார்கள், தலைமை மருத்துவர் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். பருத்த உடம்புக்காரர். யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் பார்த்ததில்லை. நான் சேர்ந்த மூன்றாம் நாள், புருவம் கிழிந்து வந்த ஒரு குடிகாரர் என் முகத்தில் துப்பினார். போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவருக்குத் தையல் போட்டேன். சாப்பிட்டுத் திரும்பியபோது அவர் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. துப்பியதைச் சொல்லவில்லை. அவர் போய்விட்டதைச் சொல்கிறேன்.

புகாருக்குக் காரணமான அந்தச் சனிக்கிழமை மதியம், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் கை மாட்டிக்கொண்ட தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். "விரலு இருக்கா டாக்டர்?" என்று தமிழில் கேட்டதால் என்னைத்தான் அவர் தலைமாட்டில் நிற்கச் சொன்னார்கள். எல்லா விரலும் இருக்கப்போவதில்லை என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். விரலை நானே எடுத்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் என் ஹேண்ட்போன் விடாமல் அடித்தது. அக்கா. வெளியே காத்திருப்போர் பகுதியில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் முன்பு வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், நான் இருக்கிறேன் என்பதற்காகவே என் இடத்துக்கு வந்திருக்கிறாள். காய்ச்சல், இருமல். யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் தாதி குழந்தையைப் பரிசோதித்து, அவசரமில்லாதவர்கள் வரிசையில் சேர்த்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன். குழந்தை மடியில் உட்கார்ந்து ஐபேடில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "சித்தி" என்று சிரித்தாள். உதடு சிவப்பாகத்தான் இருந்தது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கவில்லை, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசினாள்.

"நல்லா இருக்கா. முறை வரும்போது கூப்பிடுவாங்க. உள்ள ஒருத்தருக்கு ரொம்ப மோசம், நான் போகணும்" என்றேன்.

"ஸ்டெத் வச்சுப் பாரு."

"இங்க வச்சுப் பார்க்கக்கூடாது அக்கா. எல்லாரும் காத்திருக்காங்க."

"எல்லாருமா? நான் எல்லாருமா?" அவள் எழுந்து நின்றாள். குழந்தை மடியிலிருந்து சரிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்குப் பீஸ் கட்டினது யாரு? எங்க அப்பா கப்பல் பட்டறையில வெல்டிங் அடிச்சு, நான் டியூஷன் எடுத்து, இவளைப் படிக்க வச்சோம். இப்ப எனக்கே க்யூவாம் லா." இதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள், அதுவும் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் புரியட்டும் என்று. கையில் கட்டுப் போட்ட ஒரு கிழவர் என்னை வெறுப்போடு பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

திரும்ப வந்து பார்த்தபோது அவர்கள் இல்லை. யாரிடமும் சொல்லாமல் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். மறுநாள் விடிவதற்குள் குழந்தைக்கு வீசிங் முற்றி, குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்தபடியே என்மீது புகார் கொடுத்தாள்.

புகாரை விசாரிக்கும் பெண்ணும் தலைமை மருத்துவரும் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையைப் பார்த்தும் பரிசோதிக்க மறுத்தேன், அலட்சியமாகப் பேசினேன் என்று அந்தப் பெண் வாசித்தார். "இவங்க என் அக்கா" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தலைமை மருத்துவருக்குச் சிரிப்பு வரவில்லை. "தாதி சரியாத்தான் பிரிச்சிருக்காங்க. நீ எதுக்கு வெளிய போன? போனா டாக்டரா போ. உட்கார வச்சுப் பாரு, எழுதி வை. இல்லைன்னா போகாத. பாதி டாக்டர் பாதி தங்கச்சியா என் டிப்பார்ட்மென்ட்ல யாரும் நடமாடக்கூடாது" என்றார். அந்தப் பெண் முன்னால் சொன்னதற்காக அவர்மீதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. புகார் அதோடு மூடப்பட்டது. அக்காவுக்கு ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவித்தது. நான் தெரிவிக்கவில்லை.

குழந்தை மருத்துவத்துக்கான நேர்முகம் அடுத்த மாதம் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் அந்த ஒல்லியான மூத்த மருத்துவர். வழக்கமான கேள்விகள் முடிந்ததும் அவர் சொன்னார்.

"என் வார்டுல ஒரு குழந்தை இருந்தா. அஞ்சு வயசு, வீசிங். அவங்க அம்மா உன் அக்கான்னு சொன்னாங்க."

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"'இவளை எடுத்துக்கோங்க டாக்டர், அப்பவாவது ஒரு குழந்தையை எப்படிப் பார்க்கணும்னு கத்துக்குவா'ன்னு என்கிட்டச் சொன்னாங்க."

புகார் கொடுத்ததுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. இது உறைத்தது. நான் வேலைக்குக் கேட்டு நிற்கும் வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்று, என்னை ஒரு மக்குப் பிள்ளைபோல ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"மறுபடியும் அதே மாதிரி வந்தா என்ன செய்வே?" என்று அவர் கேட்டார்.

"குழந்தைக்கு அப்ப மூச்சு நல்லா இருந்தது. அதே வரிசையில காத்திருக்கத்தான் சொல்வேன்."

"அம்மாவுக்கு?"

"அம்மா நோயாளி இல்லை."

"எங்க துறையில அம்மாவும் நோயாளிதான்."

"அப்ப அவங்க கையிலயும் ஒரு நோயாளிப் பட்டை கட்டிடலாம்" என்றேன். ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, மூத்த மருத்துவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தோடு இந்த வாசல் மூடிவிட்டது என்று நினைத்து வெளியே வந்தேன். ஆனால் சில நாள் கழித்து அவரே போன் செய்தார். "உனக்கு வாய் அதிகம். பிள்ளைங்க அதைப் பொருட்படுத்த மாட்டாங்க. எங்களை முதல்ல போடு, இடம் இருக்கும்." அதே உயராத குரல். அவரை முழுதாக வெறுக்கவும் விடவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

அவசர சிகிச்சைக்கான நேர்முகம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தலைமை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எதுக்கு இங்க வரணும்?"

"நோயாளிங்க போயிடுவாங்க."

எதையோ கிறுக்கினார். "சரி, நீயும் போ" என்றார். இடம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

அம்மா சமாதானம் செய்து வைக்க முடிவெடுத்தார். அம்மா செம்பவாங்கில் தனியாக இருக்கிறார், அப்பா இறந்த பிறகும் அந்த வீவக அடுக்குமாடி வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் எல்லாரையும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நடத்திக் கூட்டிப் போனார். அக்கா, அத்தான், குழந்தை, நான். நடைபாதை நிறைய லீவுநாள் கூட்டம். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது, அதனால் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. கடையில் அம்மா எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். மீன்தலைக் கறி வந்தது. அத்தான் அதில் தலையைக் குனிந்தவர், கடைசிவரை நிமிரவில்லை.

"குழந்தை டிப்பார்ட்மென்ட்ல இவளை வரச் சொல்லி டாக்டரே போன் பண்ணாங்களாம்" என்று அம்மா தொடங்கினார்.

"தெரியும். நான்தான் சொல்லி வச்சேன்" என்றாள் அக்கா.

"நீ சொல்லி வைக்கல. போட்டுக் கொடுத்த."

"ரெண்டு நாள் என் பிள்ளை மூக்குல ஆக்ஸிஜன். நான் பேசாம இருக்கணுமா? நீ ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தியா?"

"வந்தேன். நீ நாற்காலியில தூங்கிட்டு இருந்த."

"பொய்."

"உன் பிள்ளையைக் கேளு."

குழந்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சித்தி வந்தாங்க. ஜெல்லி குடுத்தாங்க. உன்கிட்டச் சொல்ல வேணாம்னாங்க" என்றாள்.

இதைக் கேட்டு அக்கா தணிவாள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும், முகம் லேசாக மலர்ந்தது. அக்கா இலையைவிட்டுக் கையை எடுத்தாள். "என்னை எழுப்பாம ஏன் போன?"

"எழுப்பினா இதான் நடக்கும்."

"இல்லை. எழுப்பினா உட்காரணும். என் பக்கத்துல உட்கார்ந்து, நான் அழுதா பார்த்துட்டு இருக்கணும். உனக்கு அது முடியாது. யார்கூடவும் நாலு மணி நேரத்துக்கு மேல உனக்கு ஆகாது. நாங்க எல்லாரும் உனக்கு கேஸ். பார்த்து அனுப்பிடணும்."

"ஆமா. அப்படிப்பட்டவங்களுக்குன்னு ஒரு டிப்பார்ட்மென்ட் இருக்கு. அங்கதான் போறேன்."

அதுவரை நான் அப்படி முடிவு செய்திருக்கவில்லை. வாயில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"போ. நல்லா போ. ஆனா என் பிள்ளைகிட்ட இனிமே வராத."

அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். நான் கறிக்கும் சோற்றுக்கும் பணத்தைக் கல்லாவில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வீட்டுக்குப் போனேன். அன்று மாலையே கணினியைத் திறந்து அவசர சிகிச்சையை முதல் விருப்பமாகப் போட்டேன்.

அக்காமேல் இருந்த கோபத்தில் எடுத்த முடிவா என்று அம்மா பிறகு பலமுறை கேட்டிருக்கிறார். கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அன்று கணினி முன்னால் உட்கார்ந்தபோது நான் நினைத்தது அவளைப் பற்றி அல்ல, படம் பிடித்த அந்த அப்பாவைப் பற்றி. குழந்தை மருத்துவத்தில் அவர் அடுத்த மாதமும் வருவார். அடுத்த வருடமும் வருவார். பிள்ளை வளர்ந்து முடிக்கும்வரை வருவார். ஒவ்வொரு முறையும் நான் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு கொஞ்ச காலத்தில் என் முகமாகவே ஆகிவிடும். விரல் இழந்த தொழிலாளி என்னை வெறுத்தார், சரி. அந்த வெறுப்போடு என்னால் வேலை செய்ய முடிந்தது. அதற்கு நான் சிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அவசர சிகிச்சையில் இடம் கிடைத்தது. தலைமை மருத்துவர், "முதல் வருஷம் யாரும் பிரயோஜனம் இல்லை, நீயும் அப்படித்தான்" என்று வரவேற்றார். குழந்தைகள் பிரிவின் மூத்த மருத்துவருக்கு நானே போன் செய்து சொன்னேன். "ஓகே" என்று வைத்துவிட்டார். அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினாள். கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு அவர்கள் காலையிலும் நான் மாலையிலும் போக ஆரம்பித்தோம். அம்மா ஒரே பிரியாணியை இரண்டு முறை சுட வைத்தார்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவசர சிகிச்சை ரெசிடென்ட்களும் சில மாதம் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை செய்ய வேண்டும். இரண்டாம் வருடம் என்னை அங்கே அனுப்பினார்கள். அதே யானை, அதே ஒட்டகச்சிவிங்கி. மூத்த மருத்துவர் வாரத்தில் ஓரிரு முறை எதிரே வருவார். நான் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார்.

ஒருநாள் காலை, அடுத்த குழந்தையைக் கூப்பிடத் திரையைப் பார்த்தால் என் அக்கா மகளின் பெயர். நெற்றியில் அடி, சின்னக் காயம். உறவுக்காரரை நானே பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இரண்டு பசைப்பட்டை ஒட்டுகிற வேலைதானே என்று கதவைத் திறந்து அவளுடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டேன். அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தை வளர்ந்திருந்தாள், முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கையைத் தூக்கினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, என்னைத் தாண்டித் தாதியிடம் போனாள்.

"வேற டாக்டர் இருக்காங்களா?"

"இவங்க நல்லா பார்ப்பாங்க" என்றார் தாதி.

"எனக்கு வேற டாக்டர் வேணும். காத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை."

பக்கத்து அறையில் இருந்தவரிடம் குழந்தையை மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். மூக்குக்குள் பாசிமணி போட்டுக்கொண்ட ஒரு பொடியன். எடுத்துவிட்டேன். அவனுடைய அம்மா, ஏன் இவ்வளவு நேரம் காக்க வைத்தீர்கள் என்று சண்டை போட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆட்கள் குறைவு என்று மட்டும் சொன்னேன்.

மதியம் அம்மா போன் செய்தார். சேதி அதற்குள் செம்பவாங் போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்காவைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பேசினாளா?"

"தாதிகிட்டப் பேசினா."

 "நான் செத்தா பெட்டிக்கு அந்தப் பக்கம் அவ நிப்பா, இந்தப் பக்கம் நீ நிப்ப. சாமியாருக்கு எந்தப் பக்கம் பார்த்து ஜெபிக்கிறதுன்னு தெரியாது" என்றார். அவர் சிரிக்கவில்லை. 

"பிள்ளைக்கு நெத்தியில தழும்பு வருமா?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. நான் பார்க்கல" என்றேன்.

"சரி, சாப்பிடு" என்று போனை வைத்துவிட்டார்.